சென்னையின் பழைய வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா கட்டிய வீட்டை வைத்துக்கொள்வதா பில்டரிடம் கொடுப்பதா என்று குழம்புகிறவர்கள், மயிலாப்பூரிலும் சௌகார்பேட்டையிலும் நடக்கும்போது அண்ணாந்து பார்க்கிறவர்கள், பழைய வீட்டில் வாடகைக்குப் போய்க் கூரை ஒழுகி அவதிப்படுகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்தக் கருத்து அடிக்கடி தலைகாட்டும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு வீட்டைப் புரிந்துகொள்ள முகப்பை மட்டும் பார்த்தால் போதாது. அது நிற்கும் மனை யாருடைய தோட்டத்திலிருந்தோ எந்த ஏரியிலிருந்தோ எப்போது வெட்டி எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

சென்னையில் உண்மையிலேயே எவ்வளவு பழைய வீடுகள் மிச்சம் இருக்கின்றன?

ஊர் 1639இல் தொடங்கியதாகக் கணக்கு. அதனால் முந்நூறு வருஷத்து வீடு எங்காவது இருக்கும் என்று நினைக்கிறோம். கோட்டைக்கு வெளியே அப்படித் தேடிப் பயனில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தில் ஒரு பகுதியை அவர்களே இடித்தார்கள், 1749இல் ஊர் திரும்பக் கைக்கு வந்தபின் மிச்சத்தை ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். எதிரி மறைந்து நின்று சுட இடம் இருக்கக் கூடாது என்பது காரணம். இன்று உயர் நீதிமன்ற வளாகம் இருக்குமிடம் அந்தப் பழைய ஊர்தான். இந்த எல்லைக்குள் இனி யாரும் கட்டக் கூடாது என்று நட்ட தூண்களில் ஒன்று, 1773 என்ற ஆண்டோடு, பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. பூக்கடை, பேருந்து நிறுத்தம் என்று ஓடுகிற அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை.

ஆக, இன்று கிடைக்கும் வீடுகளில் மூத்தவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் தோட்ட மாளிகைகள் சில. தெருவில் சாதாரணமாகப் பார்க்கிற பழைய வீடு 1880க்கும் 1940க்கும் நடுவே கட்டியதாகவே பெரும்பாலும் இருக்கும். ‘இருநூறு வருஷத்து வீடு’ என்று சொந்தக்காரர் சொன்னால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அநேகமாகச் சரியாக வரும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகள் ஏன் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கின்றன?

கோயிலைச் சுற்றிய மாடவீதியில் எல்லோருக்கும் தெருமுகம் வேண்டும். தேரும் சாமியும் வரும்போது அவரவர் வாசலில் நின்று பார்க்க வேண்டும். அகலம் குறைய, நீளம் கூடியது. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். பக்கத்து வீட்டுச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது என்றால் வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? மேலேயிருந்துதான். அதற்காகத்தான் முற்றம்.

வாசலில் திண்ணை, அதைத் தாண்டி ரேழி என்கிற நடை, பிறகு முற்றத்தை ஒட்டிக் கூடம், பக்கத்தில் உள்ளறைகள், அப்புறம் அடுக்களை, கடைசியில் கிணறும் கொல்லையும். வாசலில் நின்றால் கொல்லைவரை நேராகத் தெரிகிற வீடுகள் உண்டு. முற்றத்தில் வெயில் ஏறியதும் அங்கே இருக்கும் சூடான காற்று மேலே போகும், அந்த இடத்துக்கு ரேழி வழியாகத் தெருக்காற்று உள்ளே இழுக்கப்படும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருவல்லிக்கேணியில் பிற்பகல் கடல்காற்று இதற்கு நன்றாகவே கை கொடுத்தது. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஐந்து மாடி எழும்பியபின் அது கதை.

இந்த வீடுகளுக்குக் கோயில் அளவு வயதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெருவின் கோடு பழையது, மனையின் அளவு பழையது. அதன்மேல் நிற்கிற சுவர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கட்டியதாக இருக்கலாம்.

திண்ணையெல்லாம் எங்கே போயிற்று?

சில கடையாகின, சில கம்பி போட்டு மோட்டார் பைக் நிறுத்துகிற இடமாகின. நிறைய இடங்களில் திண்ணை அப்படியே இருக்கிறது, தெருதான் அதை முழுங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் ஊற்றுவதால் சாலை ஏறிக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். மழைத்தண்ணீரும் அதே வழியில் இறங்குகிறது. பழைய வீடுகள் கைவிடப்பட்டதற்கு அழகுணர்ச்சி குறைந்தது காரணம் என்று புலம்புகிறவர்கள் இந்தத் தார் விஷயத்தைக் கவனிப்பதில்லை.

வீட்டின் அமைப்பில் சாதி தெரியுமா?

நன்றாகவே தெரியும். யார் திண்ணைவரை, யார் ரேழிவரை, யார் கூடம்வரை என்பது அந்த நீளமான அமைப்புக்குள் எழுதாத சட்டமாக இருந்தது. பழைய தெருக்கள் பலவற்றில் இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அளவுக்கு ஒரு சந்து ஓடும். கொல்லைக் கடைசியில் இருந்த எடுப்புக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருகிறவர் வீட்டுக்குள்ளோ முன்தெருவிலோ கால் வைக்காமல் வந்து போவதற்கான வழி அது. பாதாளச் சாக்கடை வந்தபின் அந்தச் சந்துகள் பலவற்றை இரண்டு பக்கத்தாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதேபோல மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஒதுங்கி இருக்க வேண்டிய மூலை ஒன்றும் கொல்லைப்பக்கம் இருந்தது. இந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது முற்றத்து நிலாவோடு நிறுத்திக்கொள்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சந்தும் வீட்டுக் கட்டடக் கலைதான்.

‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கொத்தனார்கள் சொல்வது என்ன?

சென்னையின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன கட்டட முறை இது. கான்கிரீட் தளம் வருவதற்கு முன் மொட்டை மாடி போடுவதற்கான வழி.

முதலில் சுவரிலிருந்து சுவருக்கு உத்தரம். வசதியான வீடு என்றால் பர்மா தேக்கு, பிற்காலத்தில் இரும்பு உத்தரம். அதன்மேல் குறுக்கே சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டங்கள். சட்டத்துக்குச் சட்டம் இருக்கும் இடைவெளியை மூடுவதில்தான் வித்தை. ஒரு அங்குலம் கனமே இருக்கும் சின்னச் செங்கல்லை நன்றாக வெந்ததாகப் பார்த்து எடுத்து, சுண்ணாம்புச் சாந்து தடவி, செங்குத்தாக, மூலைவாட்டில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. மூலைவாட்டில் போவதால் ஒவ்வொரு கல்லும் முந்தைய வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தரத்தில் கல்லை நிற்க வைப்பதைப் பார்த்திருந்தால்தான் நம்புவோம்.

அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று அங்குலம், நாலு அங்குலம் பரப்புவார்கள். பிறகு அடி. வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. நடுநடுவே கடுக்காய் ஊறிய நீரும் வெல்லத் தண்ணீரும் தெளிக்கப்படும். கட்டை பட்டால் எகிற வேண்டும், பள்ளம் விழக் கூடாது, அதுதான் பதம். கடைசியாக ஓரிரு அடுக்கு தட்டோடு, அதாவது தட்டையான ஓடு பதித்து, சுண்ணாம்பு பூசி, தண்ணீர் ஓடுகிற பக்கமாகச் சற்றே சரிவு கொடுத்து முடிப்பார்கள்.

ஒழுங்காகச் செய்த தளம் நூறு வருஷம் தாங்கும். கனம் அதிகம் என்பதால் வெயில் உள்ளே இறங்க நேரமாகும். அதற்கு எதிரிகள் இரண்டுதான்: கறையான், அப்புறம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் உத்தரத்தின் நுனி ஈரம் பட்டு மக்கிப்போவது. தளம் விழுந்தது என்று செய்தி வந்தால் அநேகமாக அந்த நுனியில்தான் கோளாறு இருக்கும்.

பளிங்கு மாதிரி மின்னும் பழைய சுவர்ப் பூச்சு எதனால் ஆனது?

கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடலோரத்திலும் கழிமுகங்களிலும் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, புளிக்க வைத்து, மணலோடு அரைத்துப் பூசுவார்கள். கடைசிப் பூச்சு மணலே இல்லாத வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று சேர்மானம் கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பதுதான் பளபளப்பின் ரகசியம். 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் தூண்களைப் பார்த்துப் பளிங்கு என்றே நினைத்து ஏமாந்தார்கள். உள்ளே இருந்தது செங்கல்.

தோட்ட வீடு என்றால் என்ன? அவை எல்லாம் எங்கே?

இந்தக் கேள்விதான் நகரத்தின் பாதியை விளக்கிவிடும்.

ஹைதர் அலியின் குதிரைப்படை பற்றிய பயம் தீர்ந்தபின், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வியாபாரிகளும் கோட்டையை விட்டு வெளியே வந்து குடியேறினார்கள். இன்றைய அண்ணா சாலையைச் சுற்றிய திறந்தவெளி, நுங்கம்பாக்கம், எழும்பூர், கூவம் கரை, அடையாற்றுக் கரை என்று ஏக்கர் கணக்கில் வளைத்து, நடுவில் தூண் வரிசையோடு வெள்ளை மாளிகை எழுப்பினார்கள். சமையற்கட்டு, குதிரை லாயம், வேலைக்காரர் குடியிருப்பு எல்லாம் தனித்தனியாகத் தள்ளி இருக்கும். கிரேக்க முகப்பு, அதை மறைக்கிற ஆழமான வராந்தா, வராந்தாவை மறைக்கிற தட்டி. இங்கிலாந்தில் பார்த்ததை இங்கத்து வெயிலுக்குத் தகுந்தபடி வளைத்த பாணி.

சில இன்னும் இருக்கின்றன. ஜேம்ஸ் பிராடி 1790களில் அடையாற்றுக் கரையில் கட்டிய பிராடி காஸ்சில்தான் பிற்பாடு அரசு இசைக் கல்லூரி ஆயிற்று. ஜார்ஜ் மௌப்ரேயின் தோட்ட மாளிகையில் இன்று மெட்ராஸ் கிளப் நடக்கிறது. அவர் பெயரில் இருந்த மௌபரீஸ் ரோடுதான் டி.டி.கே. சாலை. கல்லூரிச் சாலையில் பெண்கள் கிறித்தவக் கல்லூரிக்குள் நிற்பது டவ்டன் மாளிகை. அடையாறில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882இல் வாங்கித்தான் பிரம்மஞான சபை இங்கே வந்தது. கவனித்தீர்களா? பிழைத்தவை எல்லாம் கல்லூரி, கிளப், சபை. தனியார் கையில் தங்கியவை துண்டு துண்டாகப் போய்விட்டன.

துண்டான விதம்தான் முக்கியம். 19ஆம் நூற்றாண்டில் ஒரு தோட்டம் நாலாக, எட்டாகப் பிரிந்தது. வக்கீல்களும், கம்பெனிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகளின் வம்சத்தாரும் வாங்கிப் பங்களா கட்டினார்கள். ஒவ்வொரு பங்களா மனையும் அடுத்த தலைமுறையில் பல கிரவுண்டாக (ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி) உடைந்தது. அதில் தனி வீடுகள் வந்தன. இப்போது ஒவ்வொரு தனி வீட்டு மனையும் பத்துப் பன்னிரண்டு பிளாட்டாக நிற்கிறது. நுங்கம்பாக்கத்திலோ ஆழ்வார்பேட்டையிலோ ஒரு சந்து காரணமில்லாமல் இரண்டு முறை வளைந்து ஒரு சுவரில் முட்டி நின்றால், அது முன்னொரு மாளிகையின் வண்டிப்பாதையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாளிகை போய்விட்டது, பெயர் மட்டும் ‘கார்டன்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. போயஸ் கார்டனுக்கு அந்தப் பெயர் வந்த விதம் இதுதான்.

ஜார்ஜ் டவுன் வீடுகள் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன?

அங்கே வீடும் கடையும் ஒன்று. பழைய கறுப்பர் நகரத்தை இடித்தபின் ஜனங்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்து உருவாக்கிய பகுதி அது. தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, பவளக்காரத் தெரு, அர்மேனியன் தெரு என்று பெயர்களைப் படித்தாலே யார் யார் வந்து தொழில் செய்தார்கள் என்று புரியும். கீழே கிடங்கு அல்லது கடை, மேலே குடும்பம். சௌகார்பேட்டைக்கு வந்த குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தங்கள் ஊர் வழக்கப்படி மரவேலைப் பால்கனிகளையும் இரும்பு அழிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். சுவரொட்டியும் விளம்பரப் பலகையும் தாண்டி முதல் மாடிக்கு மேலே பார்வையை உயர்த்துங்கள். பழைய ஊர் அந்த உயரத்தில்தான் மிஞ்சியிருக்கிறது.

தி.நகர் பழைய பகுதியா, புதிய பகுதியா?

மயிலாப்பூர்க்காரரைக் கேட்டால் நேற்று வந்தது என்பார். நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வற்றவைத்து மனை போட்டதுதான் தியாகராய நகர். 1920இல் வந்த நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் நடந்த வேலை. அதனால்தான் தெருப்பெயர்கள் ஒரு கட்சிக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும்: பிட்டி தியாகராயர், பனகல் ராஜா, நடேச முதலியார், உஸ்மான்.

நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலச் சாலைகள், ஒவ்வொரு மனையிலும் நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டிய வீடு. முற்றத்து வீட்டிலிருந்து சென்னை விலகிய இடம் இது. நாலு பக்கமும் ஜன்னல் வைக்கலாம் என்று ஆனதும் முற்றம் தேவைப்படவில்லை. முற்றம் இருந்த இடத்துக்கு ஹால் வந்தது, திண்ணை வராந்தாவாகச் சுருங்கியது, கொல்லையில் இருந்த குளியலறை மெல்ல வீட்டுக்குள் நுழைந்தது. 1931இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலத்திலிருந்து பாரிமுனை ஆபீசுக்குப் போய்வருவது எளிதாயிற்று. குடியேற்றம் சூடுபிடித்தது.

ஏரி இருந்த ஞாபகம் நுங்கம்பாக்கத்தின் ஏரிப் பகுதி, டேங்க் பண்ட் சாலை, மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை ஆகிய பெயர்களில் இருக்கிறது. பெருமழை பெய்தால் தண்ணீருக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது. பழைய வீடு வாங்குகிறவர்கள் அந்த மனை எந்த ஏரியின் எந்தக் கரையில் இருந்தது என்பதை ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

வளைந்த பால்கனி, கப்பல் மாதிரி வட்ட ஜன்னல் உள்ள வீடுகள் என்ன பாணி?

ஆர்ட் டெகோ. 1930களில் சிமெண்டும் கம்பியும் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தபோது வந்தது. பாரிமுனையில் 1940இல் முடிந்த டேர் ஹவுஸ் அதன் பெரிய உதாரணம். கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே அந்தக் காலத்தில் நகரத்தின் முகத்தை மாற்றியவர்களில் ஒருவர். பெரிய கட்டடங்களைப் பார்த்த உள்ளூர் மேஸ்திரிகள் அதையே வீடுகளில் சின்னதாகச் செய்தார்கள். வளைந்த மூலை, மூன்று இணைகோடு, ஜன்னலுக்கு மேல் புருவம் போல நீளும் சன்ஷேட், உதயசூரியன் வடிவ இரும்புக் கதவு. உச்சியில் சிமெண்டில் ஓம், அதன்கீழ் கட்டிய வருஷம். படித்த கட்டடக் கலைஞர் யாரும் கிட்டே வராத வீடுகள் இவை, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தவை. வரைபடத்தில் இல்லாத குறும்பெல்லாம் அவற்றில் இருக்கும்.

பட்டியல்களில் குறைவாக இடம்பெறுவதும் இவைதான். பார்க்கப் பழசாகத் தெரியாததால் இடிப்பதற்கு யாருக்கும் மனசு உறுத்துவதில்லை.

எங்கள் வீடு இந்தோ சாரசெனிக் பாணியா?

அநேகமாக இல்லை. அது உயர் நீதிமன்றம், அருங்காட்சியகம் போன்ற அரசுக் கட்டடங்களின் பாணி. ஒரு வளைவும் ஒரு குமிழும் இருந்தால் உடனே அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒண்டுக் குடித்தனம் என்று சொல்வார்களே, அது தனி வகை வீடா?

தனியாகக் கட்டியது குறைவு, பெரிய வீடு ஒன்று பிரிந்து ஆனதுதான் அதிகம். கூடத்தில் ஒரு குடும்பம், மாடியில் இரண்டு, ரேழியை மறித்து ஒன்று என்று ஒரே கிணற்றையும் குழாயையும் கழிப்பறையையும் பங்கிட்டுக்கொண்டார்கள். வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்களுக்கு அதுதான் முதல் முகவரி. திருவல்லிக்கேணியில் இதன் தம்பி ‘மேன்ஷன்’, தனி ஆண்களுக்கானது.

வாடகைச் சட்டத்துக்கும் இதில் பங்குண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற விடவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் கிடைக்கிற வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாது என்று சொந்தக்காரர் கைவிட, வீடு இருபுறமும் அனாதையாயிற்று. அந்தச் சட்டம் போய் 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பல வீடுகள் விழுந்துவிட்டன.

எங்கள் வீட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

காகிதத்திலிருந்து தொடங்குங்கள். மூலப்பத்திரத்தில் மனையின் நாலு எல்லைகள் எழுதியிருக்கும். ‘காலி மனை’ என்கிறதா ‘வீடும் மனையும்’ என்கிறதா என்று பாருங்கள். சென்னைப் பத்திரங்களில் பழைய சர்வே எண், மறு சர்வே எண், கலெக்டர் சர்டிபிகேட் எண் எல்லாம் வரும், அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்னால் போகாது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில வரைபடங்கள் இருக்கின்றன. கதவு எண்ணை நம்பாதீர்கள். பழைய எண், புதிய எண் என்று மாறி மாறிப் போட்டதில் பக்கத்து வீட்டு வரலாற்றைத் தன் வீட்டுக்குச் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு.

காகிதம் பொய் சொன்னாலும் கட்டடம் சொல்லாது. கூரைக்குக் கீழே மூலைவாட்டுச் செங்கல் தெரிந்தால் மெட்ராஸ் டெரஸ், கான்கிரீட்டுக்கு முந்தையது என்று கொள்ளலாம். மங்களூர் ஓடு இருந்தால் ஒன்றைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள், தொழிற்சாலை பெயர் அச்சாகியிருக்கும். அந்த ஓட்டை பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு 1865இல்தான் மங்களூரில் தயாரிக்கத் தொடங்கியது, ஆகவே அதற்கு முன்னால் போக முடியாது. கைகளால் வளைத்த நாட்டு ஓடு இதைவிடப் பழைய முறை, ஆனாலும் ஏழை வீடுகளில் வெகுகாலம் நீடித்தது. இரும்பு உத்தரம் இருந்தால் அதன் பக்கவாட்டில் இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். சிவப்புக் காவித் தரை என்றால் சிமெண்ட் வந்தபின் போட்டது. மொசைக் தரை அதற்கும் பின்னால். பர்மா தேக்கு 1942இல் போர் வந்ததும் நின்றுபோனது, ஆகவே அசல் பர்மா தேக்கு உத்தரம் உள்ள வீடு அதற்கு முந்தியதாகவே பெரும்பாலும் இருக்கும்.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். தரையை மாற்றியிருப்பார்கள், மாடியைப் பிறகு எழுப்பியிருப்பார்கள். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருக்கும் விவேகானந்தர் இல்லம் 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி, வராந்தாவும் ஜன்னலும் வைத்து வீடாக்கினார். 1897இல் விவேகானந்தர் தங்கியது அவர் விருந்தாளியாகத்தான். அந்தக் கட்டடத்துக்கு ஒரே வயது சொல்ல முடியுமா?

கூரை ஒழுகுகிறது, சுவர் பொரிந்து கொட்டுகிறது. சிமெண்ட் பூசலாமா?

வேண்டாம். எல்லாரும் செய்வது இதுதான், எல்லாரும் கெடுத்துக்கொள்வதும் இதில்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி மெல்ல வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்போடு மேலேறி, பூச்சுக்கு மேலே இன்னும் உயரத்தில் பொரியும். இரண்டு வருஷம் அழகாக இருக்கும், மூன்றாம் வருஷம் பட்டையாகப் பெயரும்.

மாடியில் ஒழுகினால் முதலில் தண்ணீர் போகும் குழாயில் அரசமரச் செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி ஒழுகல் அங்கேதான். பழைய தட்டோட்டின்மேல் புதுத் தளம், அதன்மேல் இன்னொரு தளம் என்று ஏற்றிக்கொண்டே போனால் உத்தரத்தின் பாரம்தான் கூடும். தண்ணீர்த் தொட்டியைத் தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது, சுவருக்கு நேர்மேலே வையுங்கள். உத்தர நுனிகளைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் பொறியாளரைக் கூப்பிடும் நேரம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது அபூர்வம். கோயில் திருப்பணி செய்கிறவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள்.

எங்கள் வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் இடிக்க முடியாதா?

விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு கொடுத்த பட்டியலில் 467 இடங்கள் உள்ளன. அதில் இருந்தால் இடிக்கவோ மாற்றவோ சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் குழு வழியாகத்தான் போக வேண்டும். அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த்தான் தடுத்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. இவ்வளவும் இருந்தும், பட்டியலில் முன்னணியில் நிற்பவை அரசுக் கட்டடங்கள், கல்லூரிகள், வழிபாட்டிடங்கள். நடுத்தரக் குடும்பத்துத் தெரு வீட்டைக் காப்பாற்ற நடைமுறையில் எதுவும் இல்லை என்றே சொல்வேன். அதன் சொந்தக்காரர் நினைத்தால் உண்டு.

அப்படியென்றால் சொந்தக்காரர்கள் ஏன் இடிக்கிறார்கள்? பணத்தாசைதானா?

கணக்கைப் பார்த்தால் கோபம் குறையும். இரண்டு கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடியில் ஒரு வீடு. வாரிசு ஐந்து பேர், அதில் இரண்டு பேர் வெளிநாடு. வீட்டை ஐந்தாக வெட்ட முடியாது, பிளாட்டை ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்கலாம். பில்டர் பாதிக்குப் பாதி என்று ஜாயிண்ட் வென்ச்சர் பேசுகிறார், கட்டி முடிக்கும்வரை வாடகையும் தருகிறார். 2019 விதிகளில் கட்டட அளவுக்கான குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பது) 1.5இலிருந்து 2 ஆக உயர்ந்ததால் அதே மனையில் இன்னும் கூடுதலாகக் கட்டலாம். இந்தப் பக்கம் இவ்வளவு இருக்க, வீட்டை வைத்துக்கொள்கிறவருக்கு வரிச்சலுகை கிடையாது, பழுதுபார்க்கக் கடன் கிடையாது, ஆறுதலாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வீட்டைக் காப்பது அவருடைய கடமை என்று மற்றவர்கள் கட்டுரை மட்டும் எழுதுகிறோம்.

வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: பாகப்பிரிவினைக்கு முன்பே பேசுங்கள். ஒருவர் மற்றவர் பங்கை வாங்குவது, ஒரு பகுதியை ஆபீசுக்கோ கலைக்கூடத்துக்கோ வாடகைக்கு விடுவது, பின்மனையில் மட்டும் புதிதாகக் கட்டுவது என்று வழிகள் உண்டு. எல்டாம்ஸ் சாலையில் சி.பி. ராமசாமி ஐயரின் ‘தி குரோவ்’ அறக்கட்டளையாக மாறியதால்தான் மரங்களோடு இன்றும் நிற்கிறது. எல்லாக் குடும்பத்துக்கும் அது முடியாது என்பதும் தெரியும்.

இடித்த வீட்டுத் தூண், கதவு வாங்கிப் புது வீட்டில் வைக்கலாமா?

வைக்கலாம், விறகாவதைவிட மேல். ஆனால் செட்டிநாட்டுத் தூண் இரண்டு வாசலில் நின்றால் அது பழைய வீடாகிவிடாது. வாங்குகிற ஆள் அதிகமானால் உடைக்கிற வேகமும் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உள்ளே போய்ப் பார்க்க அனுமதி உள்ள வீடுகள் எவை?

விவேகானந்தர் இல்லம் காட்சியகமாகத் திறந்திருக்கிறது. திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வசித்த வீட்டை அரசு வாங்கி 1993இல் புதுப்பித்தது, தெருவீட்டின் அமைப்பை அங்கே நிதானமாகப் பார்க்கலாம். ‘தி குரோவ்’ வளாகத்தில் கண்காட்சி நடக்கும் நாட்களில் போங்கள். நகரத்துக்கு வெளியே முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவில் வெவ்வேறு ஊர் வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள், அக்ரகார வீடும் செட்டிநாட்டு வீடும் அருகருகே கிடைக்கும். ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மெட்ராஸ் தினத்துக்காக நடக்கும் நடைகளில் சேர்ந்தால், சாதாரணமாக யாரையும் அனுமதிக்காத சில வீட்டுக்காரர்கள்கூட அன்று கதவைத் திறப்பார்கள். குடியிருக்கிற வீடுகளை மட்டும் தெருவிலிருந்தே பாருங்கள், படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.